ஸ்போர்ட்ஸ் காரை மெத்தென்று ஆக்குதல்: நாஞ்சில் நாட்டுப் பட்டறை அனுபவங்கள்

ஸ்போர்ட்ஸ் ரகக் கார்களில் சஸ்பென்ஷன் கன்ட்ரோல் மாட்யூல் பெரும்பாலும் டிக்கியின் ஓரத்தில், உள்பக்க உறைக்குப் பின்னால் இருக்கும். சில வண்டிகளில் சீட்டுக்கு அடியில். உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டி, அதில் ஒன்றோ இரண்டோ கப்ளர், அங்கிருந்து நான்கு சக்கரத்து ஷாக் அப்சார்பருக்கும் ஓடும் வயர்கள். அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, அதே கம்பெனியின் சாதா ரக வண்டியிலிருந்து எடுத்த பெட்டியை மாட்டினால் வண்டி மெத்தென்று ஓடும் என்ற பேச்சு நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பட்டறைகளுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. பேச்சில் உண்மை உண்டு. ஆனால் அதைக் கேட்டு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வேலை தேவைப்படுவதில்லை.

கேட்டு வருபவர்களையும் ஓரளவு வகைப்படுத்திவிடலாம். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு ஊரோடு திரும்பியவர், அல்லது லீவுக்கு வந்தவர். பெங்களூரிலோ டெல்லியிலோ செகண்ட் ஹேண்டில் ஒரு ஜெர்மன் கார் வாங்கியிருப்பார். டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்ட பிறகு, அந்த வயதை நெருங்கும் பெரிய கார்கள் அங்கே விலை சரிந்து தெற்கே வரத் தொடங்கின. நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது தெரியாத குணம், ஊருக்குள் வந்து முதல் வேகத்தடையில் ஏறும்போது தெரியும். “அண்ணே, வண்டி தூக்கித் தூக்கி அடிக்குது. அம்மைக்கு நடு வலிக்குன்னு சொல்லுகா” என்பதுதான் பட்டறையில் சொல்லப்படும் முதல் வாக்கியம்.

இந்தப் புகார் காருக்குப் புதிதல்ல. அம்பாசடர் காலத்திலேயே இருந்தது. அந்த வண்டிக்கு முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டை எனப்படும் லீஃப் ஸ்பிரிங். டாக்ஸிக்காரர் கல்யாண வீட்டு ஆட்களை ஏழெட்டுப் பேராக ஏற்ற வேண்டியிருந்ததால் பின்பட்டையில் ஒரு பிளேட்டைக் கூடுதலாக வைக்கச் சொல்வார். சொந்த வண்டி வைத்திருந்த வக்கீலோ டாக்டரோ ஒரு பிளேட்டை எடுத்துவிடச் சொல்வார். எடுத்ததும் வண்டி இளகும். கூடவே பின்பக்கம் தாழும். இரண்டு மூட்டை நெல்லை ஏற்றினால் குழிக்குக் குழி ஆக்சில் போய் ரப்பர் ஸ்டாப்பரில் இடிக்கும். விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் பிளேட்டைக் குறைப்பதற்கு முன் பட்டையைப் பிரித்துப் பார்த்தார்கள். பிளேட்டுகளுக்கு நடுவே துரு ஏறி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டால் பட்டை பட்டையாக வேலை செய்யாது, மொத்த இரும்பாக நிற்கும். துருவைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவித் திரும்பக் கட்டினால் பிளேட் எதையும் எடுக்காமலே பாதிப் புகார் தீர்ந்துவிடும். அவசரக்காரருக்குப் பழைய எஞ்சின் ஆயிலைப் பிரஷ்ஷில் தொட்டுப் பூசி அனுப்புவதும் நடந்தது. வண்டி கெட்டியாக ஓடுகிறது என்றால் உண்மையிலேயே ஸ்பிரிங் கெட்டியா, அல்லது எங்கோ உரசிப் பிடிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது அப்போதே பட்டறைகளுக்குத் தெரிந்திருந்தது. எலக்ட்ரானிக் பெட்டி வந்தபோது பலர் மறந்துபோனது இதைத்தான்.

ரோட்டுக்கும் இதில் பங்கு உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை திருவிதாங்கூர் அரசு காங்கிரீட் ரோடு போட்டது, சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்து வேலை அது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தபோது ரோடும் சேர்ந்து வந்தது. பிற்பாடு என்.எச். 47 என்று ஆகி, இப்போது என்.எச். 66. காங்கிரீட் ரோட்டில் பலகை பலகையாக வார்த்து நடுவே இணைப்பு விடுவார்கள். மேலே தார் போட்டு மூடினாலும் இணைப்பு இருந்த இடத்தில் குறுக்கே கீறல் விழும். அப்படி ஒரே இடைவெளியில் வரும் மேடுகள் தனிக் குழியைவிடப் பொல்லாதவை. பத்து மீட்டருக்கு ஒரு மேடு என்று வைத்தால், மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு ஒன்றரை முறை தட்டு வாங்கும். பெரும்பாலான கார்களின் உடல் ஸ்பிரிங்கின்மேல் தானாக ஆடும் வேகம் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை. தட்டும் ஆட்டமும் ஒத்துப்போனால் வண்டி ஒவ்வொரு மேட்டுக்கும் இன்னும் கொஞ்சம் உயரமாக எழும்பும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. பெயரில் ‘ஷாக்’ இருந்தாலும் அதிர்ச்சியை வாங்குவது டயரும் ஸ்பிரிங்கும். ஷாக் செய்வது ஆட்டத்தை நிறுத்துவது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன்னால் ஸ்டரட்: ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தண்டில். அதுவரை பட்டை கட்டிப் பழகியவர்கள் ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரஸர் வாங்கினார்கள். லீக் ஆன ஷாக்கை அறுத்து, கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றி, வெல்டிங் வைத்து, கறுப்பு பெயின்ட் அடித்துத் தரும் ரீகண்டிஷன் கடைகளும் அப்போது கிளம்பின. அந்த வேலை நன்றாக நடந்தது; ஷாக் நன்றாக இருந்ததாகச் சொல்ல முடியாது. ஷாக்கின் குணம் உள்ளே இருக்கும் வால்வின் மெல்லிய தகடுகளில் இருக்கிறது. தகடு வளைந்துபோன பிறகு எண்ணெயை மாற்றிப் பயனில்லை. நாலு மாதத்தில் வண்டி திரும்ப ஆடத் தொடங்கும்.

கடலோரம் வேறு பாடம் கற்றுக்கொடுத்தது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கத்து வண்டிகளின் ஸ்பிரிங் அமரும் தட்டு உப்புக் காற்றில் செதில் செதிலாக உதிரும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினால்தான் தெரியும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் மாவட்டம் என்பதால் ஈரம் வருடத்தில் பாதி நாள் வண்டிக்கு அடியிலேயே இருக்கும்.

அடுத்தது ரப்பர் புஷ். லோயர் ஆர்ம், லிங்க் ராட், ஸ்டெபிலைசர் பார் என்று சஸ்பென்ஷனின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு ரப்பர் உருளை உண்டு. சக்கரத்தின் சிறு நடுக்கத்தை உடலுக்கு விடாமல் பிடித்துவைப்பது அதுதான். தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பகுதி விளைவது இந்த மாவட்டத்தில். அரசு ரப்பர் கழகத்தின் தலைமை அலுவலகமே நாகர்கோவிலில் இருக்கிறது. ஆனால் கீரிப்பாறைத் தோட்டத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பட்டறைக்கும் புஷ் டெல்லி காஷ்மீரி கேட் சந்தையிலிருந்துதான் பார்சலில் வருகிறது. விலை குறைந்த புஷ்ஷில் ரப்பர் கல்லாக இருக்கும். அதை மாட்டிய வண்டி குழியில் மட்டும் அடிப்பதில்லை, நல்ல ரோட்டிலும் ஸ்டியரிங்கில் முரமுரவென்று ஒரு நடுக்கம் வரும். வாடிக்கையாளர் ஷாக்கைக் குறை சொல்வார்.

வண்டி வேகமாகத் திரும்ப வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கும் கார்கள் இங்கே பரவலானது 2000-ஐ ஒட்டித்தான். சென்னையை அடுத்த மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஐகான், கூடவே ஃபியட் பாலியோ, பிறகு 2005-இல் ஸ்விஃப்ட். ஸ்விஃப்ட் வந்த புதிதில் அதன் கெட்டித்தனத்தைப் பற்றி வந்த புகார்கள் அம்பாசடர்க்காரர் சொன்ன புகார்களையே நினைவூட்டின. ஆனால் வாங்கியவர்கள் இளைஞர்கள். அவர்களுக்கு வண்டி இன்னும் தாழ வேண்டியிருந்தது. ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை கிரைண்டரில் அறுத்துவிடும் வழக்கம் அப்போது பரவியது. அறுத்தால் ஸ்பிரிங் இளகும் என்று நினைத்தவர்களும் உண்டு. நடப்பது நேர்மாறு: ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் மிச்சமிருக்கும் ஐந்து சுற்று இருபது சதவீதம் கூடுதல் கெட்டியாகும். கூடவே சக்கரம் மேலே ஏறுவதற்கான இடம் குறைந்து, எடுத்ததற்கெல்லாம் பம்ப் ஸ்டாப்பரில் போய் இடிக்கும். அறுத்தவர்களில் பலர் கல்யாணமாகிக் குழந்தை பிறந்ததும் பழைய உயரத்துக்கு ஸ்பிரிங் தேடி வந்தார்கள். அறுத்த ஸ்பிரிங்கை ஒட்ட முடியாது; புதிது வாங்க வேண்டும்.

கம்பெனியே செய்து கொடுத்த ஸ்போர்ட்ஸ் கார்களில் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018-இல் இறக்கிய டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. குறிப்பிடத்தக்கவை. 114 பி.எஸ். டர்போ எஞ்சின்; சஸ்பென்ஷனையும் அதற்கேற்பக் கெட்டிப்படுத்தியிருந்தார்கள். அறுப்பதற்கும் அமைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த வண்டியில் பார்க்கலாம்: ஸ்பிரிங் கெட்டியானால் அதன் துள்ளலை அடக்க ஷாக்கும் அதே கணக்கில் கெட்டியாக வேண்டும். இரண்டும் ஒரே கையால் அமைக்கப்பட்டிருந்ததால் வண்டி இறுக்கமாக ஓடியது, துள்ளவில்லை. நீண்ட நாள் விற்பனையில் இல்லை என்பது வருத்தம்தான்.

எலக்ட்ரானிக் ஷாக் உலகத்துக்குப் பழையது. டொயோட்டா 1983-இலேயே சோரர் காரில் மின்சாரத்தால் கெட்டி, இளக்கம் மாற்றும் ஷாக்கை வைத்தது. ஒவ்வொரு நொடியும் உடலின் ஆட்டத்தைப் பார்த்து ஷாக்கை மாற்றும் கணக்கு அதற்கும் முன்னால், 1974-இல் கார்னாப் என்பவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. இரும்புத் துகள் கலந்த எண்ணெயைக் காந்தத்தால் கெட்டியாக்கும் மேக்னரைட் ஷாக் 2002-இல் காடிலாக் செவில் காரிலும், பிறகு கார்வெட், ஆடி டிடி, ஃபெராரி வரையும் போனது. நாகர்கோவிலில் இவை கைக்குக் கிடைத்தது செகண்ட் ஹேண்ட் வண்டிகளோடுதான். முதல் வண்டிகள் வந்தபோது பட்டறைகள் அவற்றைத் தொடவே தயங்கின. ஷாக்கின் தலையில் வயர் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திருவனந்தபுரத்துக்கோ கொச்சிக்கோ அனுப்பினார்கள். ஸ்கேனர் விலை இறங்கியதும்தான் வேலை உள்ளூருக்கு வந்தது.

பெட்டி செய்யும் வேலை இது. உடலில் ஒட்டிய சென்சார்கள் வண்டி எவ்வளவு வேகமாக எழும்பித் தாழ்கிறது என்று சொல்லும். சக்கரத்தின் கையில் இணைத்த சிறு நெம்புகோல் சென்சார், சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே உள்ள உயரத்தைச் சொல்லும். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, பிரேக் மிதிக்கப்பட்டிருக்கிறதா, வண்டி என்ன வேகம் என்பவை மற்ற மாட்யூல்களிலிருந்து வரும். எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டு, நான்கு ஷாக்குக்கும் எவ்வளவு மின்சாரம் விடுவது என்று பெட்டி முடிவுசெய்யும். அந்த முடிவுக்கான அட்டவணைதான் மேப். டேஷ்போர்டில் கம்ஃபர்ட், ஸ்போர்ட் என்று பட்டன் இருந்தாலும், ஸ்போர்ட்ஸ் ரகத்துக்கு எழுதிய மேப்பின் கம்ஃபர்ட் இன்னொரு ரகத்தின் ஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம். வளைவில் சாயாமல் திரும்ப வேண்டும் என்று எழுதியவர் முடிவுசெய்திருக்கிறார். இரணியல் ரோட்டில் வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வண்டி என்று அவர் நினைத்திருக்க மாட்டார். வேறு மேப் உள்ள பெட்டியை மாட்டும் யோசனை பிறந்தது இங்கேதான்: ஷாக் அதே, வால்வு அதே, உத்தரவு மட்டும் வேறு.

யோசனை சரியாக வேலை செய்ய முதலில் பெட்டியின் நம்பர் பொருந்த வேண்டும். ஸ்டிக்கரில் ஹார்ட்வேர் நம்பர், சாஃப்ட்வேர் நம்பர் என்று இரண்டு இருக்கும். ஹார்ட்வேர் நம்பர் ஒத்துப்போனால்தான் அந்தப் பெட்டி அந்த ஷாக்கை ஓட்டும். சாஃப்ட்வேர் நம்பர் வேறாக இருந்தால்தான் மாற்றுவதில் அர்த்தம் இருக்கும். கப்ளர் பொருந்துகிறது என்பதால் மட்டும் மாட்டிவிடக் கூடாது. வால்வு வகை ஷாக்கும் காந்த எண்ணெய் ஷாக்கும் கேட்கும் மின்சாரம் வேறு. பழைய பெட்டிகள் சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் டெல்லி மாயாபுரியிலும் வண்டி உடைக்கும் கடைகளில் கிடைக்கும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்து வந்ததா என்று மூடியைத் திறந்து போர்டைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கப்ளர் ஊசிகளில் பச்சை பிடித்திருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மாட்டுவது அரைமணி வேலை. நேரம் எடுப்பது கோடிங். சில கம்பெனிகளில் பெட்டி, அது பிறந்த வண்டியின் சேஸி நம்பரை நினைவில் வைத்திருக்கும். புது வண்டியில் மாட்டினால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், ஏ.பி.எஸ்.ஸும் ஸ்டியரிங்கும் அதன் பேச்சைக் கேட்காது. சிலவற்றுக்குக் கம்பெனி சர்வர் சம்மதித்தால்தான் திறக்கும். கோடிங் ஓடும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் பெட்டி பாதியில் நின்றுபோகும். கரண்ட் போகும் ஊரில் இன்வர்ட்டரோடு சேர்த்த சார்ஜரைப் பேட்டரியில் மாட்டாமல் கோடிங் தொடங்குவது பைத்தியக்காரத்தனம். முடிந்த பிறகு உயர சென்சார்களைச் சமதளத்தில் நிறுத்திக் காலிபிரேட் செய்ய வேண்டும். டயர் நான்கிலும் காற்று சரியாக இருக்க வேண்டும், டிக்கியில் சாமான் இருக்கக் கூடாது. இதை விட்டுவிட்டால் பெட்டி வண்டி எப்போதும் தாழ்ந்திருப்பதாக நினைத்துத் தப்பான உத்தரவு கொடுக்கும். பி.எம்.டபிள்யூ போன்ற சில வண்டிகளில் பெட்டியைக் கழற்றாமலே வேறு ரகத்தின் மேப்பைக் கோடிங்கில் ஏற்றும் வழியும் உண்டு. அது வேலை செய்யும் இடத்தில் பெட்டி மாற்றுவது வீண் செலவு.

பலன் எப்படி? நல்ல ஷாக் உள்ள வண்டியில், சரியான பெட்டி மாட்டினால், வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வித்தியாசம் கூட இருப்பவருக்கே தெரியும். ஆனால் ஸ்போர்ட்ஸ் வண்டியின் ஸ்பிரிங் அப்படியே கெட்டியாகத்தானே இருக்கிறது. கெட்டி ஸ்பிரிங்கை அடக்க எழுதப்படாத இளகிய மேப் வந்து உட்கார்ந்தால், ஒரு குழிக்கு வண்டி இரண்டு மூன்று முறை ஆடும். மார்த்தாண்டத்துக்காரர் ஒருவரின் வண்டிக்கு நான்கு சிலிண்டர் சாதா ரகத்தின் பெட்டியை மாட்டியபோது இதுதான் நடந்தது. அவர் வண்டியில் கனமான ஆறு சிலிண்டர் எஞ்சின். முன்பக்கம் பிரேக்கில் குனிந்து குனிந்து எழும்பியது. கடைசியில் அதே எஞ்சின் உள்ள சொகுசு ரகத்தின் பெட்டியையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றிய பிறகுதான் வண்டி அடங்கியது. பெட்டியை மட்டும் மாற்றுவது பாதி வேலை என்று நினைக்க வேண்டும்.

இன்னொரு வண்டி தக்கலையிலிருந்து வந்தது. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் பெட்டியை மாற்றியிருந்தார்கள், நல்ல தொகையும் வாங்கியிருந்தார்கள், அடி குறையவில்லை. தூக்கிப் பார்த்தபோது பின்பக்க ஷாக் இரண்டிலும் எண்ணெய் ஒழுகிக் காய்ந்திருந்தது. முன்பக்க ஸ்டரட்டின் மேல் மவுன்ட் ரப்பர் வெடித்து இரும்பு இரும்பில் உட்கார்ந்திருந்தது. எண்ணெய் இல்லாத ஷாக்குக்கு எந்தப் பெட்டியும் உத்தரவிட முடியாது. துருப்பிடித்த பட்டையின் கதைதான் அங்கேயும். இந்த வகை ஷாக் நாலையும் புதிதாக வாங்கும் காசுக்குப் பழைய மாருதி ஒன்றே வாங்கலாம். அதற்கு அஞ்சிச் சிலர் சாதா ஷாக்கை மாட்டிவிட்டு, பெட்டியை ஏமாற்ற ரெசிஸ்டர் வைக்கச் சொல்கிறார்கள். ஷாக் நல்ல கம்பெனியுடையதாக இருந்தால் அது மோசமான முடிவல்ல; பட்டன் வேலை செய்யாது, அவ்வளவுதான்.

ஃபியூஸைப் பிடுங்கினால் மெத்தென்று ஆகிவிடும் என்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. காந்த எண்ணெய் வகையில் மின்சாரம் நின்றால் எண்ணெய் இளகி வண்டி மிதக்கத் தொடங்கும். வேகத்தில் அது ஆபத்து. வால்வு வகையில் கம்பெனியைப் பொறுத்துச் சில வண்டிகள் கெட்டியாகிவிடும், சில நடுத்தர நிலையில் நிற்கும். சோதனைக்காகப் பட்டறைக்குள் பிடுங்கிப் பார்க்கலாம். அப்படியே ரோட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது.

பெட்டியைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் டயருக்கு. ஜெர்மன் கார்களில் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது, பதிலுக்கு ரன்ஃபிளாட் டயர். காற்றுப் போனாலும் வண்டியின் கனத்தைத் தாங்கி ஓட வேண்டும் என்பதற்காக அதன் பக்கச் சுவர் கல்லாகச் செய்யப்பட்டிருக்கும். அதைக் கழற்றி அதே அளவில் சாதா டயர் போட்டால் கிடைக்கும் இளக்கம், பல வண்டிகளில் பெட்டி மாற்றிக் கிடைப்பதைவிட அதிகம். டிக்கியில் ஒரு காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் கிட்டும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். 18 அங்குல ரிம்மில் 225/40 டயர் என்றால் பக்கச் சுவர் 90 மில்லிமீட்டர். 17 அங்குல ரிம்மில் 225/45 போட்டால் 101 மில்லிமீட்டர், சக்கரத்தின் மொத்த உயரம் ஏறத்தாழ அதேதான். ஒரு விரல் அகலம்கூட இல்லாத அந்த ரப்பர் செய்யும் வேலையை எத்தனை ஆயிரம் கொடுத்தும் எலக்ட்ரானிக்ஸில் வாங்க முடியாது. பெட்ரோல் பங்கில் கணக்கில்லாமல் 40 பி.எஸ்.ஐ. வரை அடித்த காற்றை, கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு இறக்கியதோடு திருப்தியாகப் போனவர்களும் உண்டு.

வேகத்தடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் எந்த ஸ்போர்ட்ஸ் காரும் வழுக்கி ஏறி இறங்கும். ஊருக்குள் இருப்பவை பல ஒரு முழ அகலத்துக் குட்டிச் சுவர்கள். அவற்றின்மேல் 25-இல் போனால் உலகத்தில் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது.

மெத்தென்று ஆனது கூடிப்போய்த் திரும்பி வந்த வண்டிகளும் இருக்கின்றன. குலசேகரத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் பெட்டி மாற்றிய காரில் பேச்சிப்பாறை தாண்டிக் கோதையாறு ரோட்டில் போனபோது பின்சீட்டுப் பிள்ளைகள் இருவரும் வாந்தி எடுத்தார்கள். கெட்டி வண்டியில் ஒருநாளும் எடுத்ததில்லை. முதுகைப் படுத்துவது நொடிக்கு நாலு முதல் எட்டு முறை வரும் அதிர்வு. தலையைச் சுற்ற வைப்பது நொடிக்கு அரை முறைக்கும் குறைவாக வரும் மெதுவான ஆட்டம். முதலாவதைக் குறைக்கப் போய் வண்டி தொட்டில்போல ஆடத் தொடங்கினால் இரண்டாவது கூடும். அந்த வண்டிக்குப் பழைய பெட்டியே திரும்ப மாட்டப்பட்டது. டயரும் மேல் மவுன்ட்டும் மாற்றியதில் வீட்டில் எல்லாரும் ஒத்துப்போனார்கள்.

காற்றும் கணக்கில் வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவத்தில் அடிக்கும் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. அங்கே பக்கவாட்டில் வரும் வீச்சு, இளக்கிய காரைச் சாய்த்து நிமிர்த்தும்போது ஓட்டுபவர் கை தானாக ஸ்டியரிங்கை இறுக்கும். எந்தச் சஸ்பென்ஷன் வேலைக்கும் ஓட்டிப் பார்க்க வடசேரியிலிருந்து தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வரை போய்வருவது நல்ல வழி. ஊர்க் குழி, வேகத்தடை, வளைவு, வேகம், காற்று எல்லாம் ஒரே ஓட்டத்தில் கிடைக்கும். வண்டியின் சொந்தக்காரர் ஓட்ட, வீட்டுப் பெரியவர் ஒருவர் பின்சீட்டில் உட்கார்ந்து வர வேண்டும். முன்சீட்டில் இருந்து மெக்கானிக் மட்டும் தீர்ப்புச் சொன்ன வேலைகள் பாதி திரும்பி வந்திருக்கின்றன.

இந்த வேலை இனிக் குறையும் என்று தோன்றுகிறது. மஹிந்திரா எக்ஸ்யூவி 700-இல் 2021-இலேயே அதிர்வின் வேகத்துக்கேற்ப ஷாக் தானாக மாறும் அமைப்பு வந்தது. அதில் பெட்டியும் கிடையாது, வயரும் கிடையாது. 2024-இல் அறிமுகமான அவர்களின் பி.இ. 6 எலக்ட்ரிக் காரின் உயர் ரகத்தில் எலக்ட்ரானிக் ஷாக்கே வந்துவிட்டது. இந்திய ரோட்டுக்கென்று இங்கேயே எழுதிய மேப் உள்ள வண்டிக்கு வேறு நாட்டுப் பெட்டியைத் தேட வேண்டியதில்லை.

அதுவரை பெட்டி மாற்றத்தான் வேண்டும் என்று முடிவுசெய்பவர்களுக்கு இரண்டு செய்திகள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. செய்த வேலைக்குப் பில் வாங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள். கழற்றிய பழைய பெட்டியை, நம்பர் தெரியும்படி உறையில் போட்டு, ஈரம் படாமல் வீட்டில் வைத்திருங்கள். டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் சாவியோடு அதையும் கொடுத்துவிடுங்கள்.